ஆறாம் எண் கேபிள்

4 மார்ச் 2025, செவ்வாய். போர்ட் சாமர்ஸ்

காலை ஏழேகாலுக்கு அறையின் வெப்பம் பத்தொன்பது பாகை. ஒலிபெருக்கிகள் பதத்துக்கு வர நாற்பது நிமிடம் விட்டேன். இன்வர்கார்கில் கிதார்க் குழு ஒன்றின் ஆறு பாட்டுகளின் ஒலியைக் கடைசியாகச் செம்மை செய்து அனுப்பினேன். பேஸை இடப்பக்கமும் டிரம்மை வலப்பக்கமும் தள்ளிக் கலந்திருந்தார்கள். இளைஞர்களுக்கு அகலத்தின் மீது மோகம். நூற்றிருபது ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்த அனைத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். சுவரில் ஒட்டியிருக்கும் பன்னிரண்டு விதிகளில் இது நான்காவது: தாழ்ந்த ஒலிக்கு இடம் வலம் இல்லை, அது நடுவில் நிற்கும். மேலே உள்ளவை எவ்வளவு வேண்டுமானாலும் விரியட்டும். அடி விரிந்தால் வீடு நிற்காது.

பதினொரு மணிக்கு டாம்சின் வந்தாள். டனீடினில் சிறிய இசைத்தட்டு நிறுவனம் நடத்துகிறாள். பழைய பதிவுகளைத் தேடிப் பிடித்துத் தட்டாக வெளியிடுவது அவள் தொழில். கையில் ஓர் அட்டைப்பெட்டி.

"இன்னொரு நாற்காலி வாங்குங்க டங்கன். இங்க வர்றவங்க எல்லாம் வகுப்புக்கு வெளிய நிக்க வெச்ச பிள்ளைங்க மாதிரி நிக்கிறாங்க."

"சரியாக் கேக்குற இடம் ஒண்ணுதான். அதுல ஒரு ஆள்தான் உக்கார முடியும்."

"சரி சரி. நின்னே சொல்றேன். 'ஈரக் கம்பளி'யைத் தட்டாப் போடறேன்."

நான் தேநீர்க் கோப்பையை அதற்கான வட்ட விரிப்பிலேயே வைத்தேன் என்று நினைக்கிறேன். பிறகு பார்த்தபோது மேசையில் ஈரம் இருந்தது.

'ஈரக் கம்பளி'. 2001ஆம் ஆண்டு. ஒன்பது பாட்டுகள். ரிபேகா பாடிக்கொண்டே டபுள் பேஸ் வாசித்தாள்; ஆளுயர வயலின் போன்ற, தாழ்ந்த சுரங்களுக்கான வாத்தியம். பதிவு, கலவை இரண்டும் நான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ரிபேகாவுடன் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தேன். 2004இல் போனாள்.

டாம்சின் ரிபேகாவுக்கு எழுதி அனுமதி கேட்டிருக்கிறாள். பதில் வந்திருக்கிறது, ஒரு நிபந்தனையோடு: "பாட்டு இருக்கட்டும். என் பேஸை எடுத்துவிட்டு வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். அது எப்போதுமே இல்லாத மாதிரிதான் இருந்தது." கையெழுத்தும் போட்டிருக்கிறாள். வெலிங்டனிலிருந்து ஒரு பேஸ்காரர் 27ஆம் தேதி வருகிறார். அவர் வாசிப்பதை நான் பழைய குரலோடு பொருத்தித் தர வேண்டும்.

ஒப்புக்கொண்டேன். ஏன் ஒப்புக்கொண்டேன்?

5 மார்ச், புதன்

டாம்சின் விட்டுப்போன பெட்டியைத் திறக்கவில்லை.

8 மார்ச், சனி

பேஸ்காரர் வருமுன் பழைய கலவையை இசைத்தட்டில் வெட்ட முடியுமா என்று லயல் சோதித்துச் சொல்ல வேண்டும். தட்டு வெட்டும் இயந்திரம் அவனிடம், ஓமாருவில். பழைய குறுந்தகட்டிலிருந்து முதல் பாட்டை எடுத்து அப்படியே அனுப்பினேன். அனுப்பும் முன் ஹெட்போனில் ஒரு முறை கேட்டேன். இருபத்து நான்கு ஆண்டுகளில் முதல் தடவை.

குரல் நடுவில். பேஸ் நடுவில் இல்லை. அது காதுகளுக்கு வெளியே, தலைக்குப் பின்னால், பனிமூட்டம்போல. அன்று இதைத்தான் பெருமையாக நினைத்தேன். எவ்வளவு அகலம் பார், எவ்வளவு அகலம் பார் என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "நான் எங்க நிக்கிறேன்னே தெரியலையே" என்றாள். நான் சிரித்தேன்.

கூடத்தின் மூலையில் அவளுடைய பேஸ் நிற்கிறது. போகும்போது விட்டுப் போனாள். "இதுக்கு என் கை பத்தாதுன்னு உனக்குத்தான் தெரியுமே. நீயே வெச்சுக்க." ஆண்டுதோறும் ஜூலை முதல் தேதி கம்பிகளைத் துடைத்து, மரத்துக்கு எண்ணெய் தடவி, தரையில் ஊன்றும் அடிமுள்ளின் ரப்பர் மூடியைச் சரிபார்க்கிறேன். ஜூலை முதல் தேதி என்பது நானே வைத்துக்கொண்ட விதி. மற்ற நாட்களில் தொடுவதில்லை.

11 மார்ச், செவ்வாய்

லயல் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"வாத்தியாரே, என்ன அனுப்பியிருக்க? இதை வெட்டினா ஊசி பள்ளத்துல நிக்காது. எகிறி வந்து என் மடியில உக்காரும்."

"அடியொலி அகலமா?"

"அகலமா? தலைகீழ்ய்யா! இடது மேல போனா வலது கீழ போகுது. பள்ளமே இல்லாமப் போயிடுது சில இடத்துல. இதைக் கலந்தவன் எவன்? அவனைக் கொஞ்சம் காட்டேன்."

"நான்தான்."

மறுமுனையில் சுழலும் தட்டை அவன் நிறுத்தும் ஓசை. பிறகு, "உன் சுவத்துல விதி ஒட்டுறதுக்கு முன்னாடியோ?" என்றான்.

விதி நான்கின்படி செய்தேன். நூற்றிருபதுக்குக் கீழே உள்ளதை நடுவுக்குக் கொண்டுவந்தேன். பேஸ் போய்விட்டது. குறையவில்லை, போய்விட்டது. கம்பியில் விரல் உரசும் ஓசை மட்டும் இருந்தது, உடம்பு இல்லாமல் சட்டை மட்டும் நடப்பதுபோல. நடுவில் அவள் நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை.

இதை நான் முன்பு கேட்டிருக்கிறேன்.

எழுதிவிடுகிறேன். 2001 நவம்பர், சனிக்கிழமை மதியம். செயின்ட் கில்டாவில் மீன் வறுவல் கடைக்கு வெளியே என் பழைய காரில் உட்கார்ந்திருந்தோம். 'ஈரக் கம்பளி' முதல் முறையாக வானொலியில். காரில் ஒரே ஒரு ஒலிபெருக்கி, வானொலியும் மோனோ; இடமும் வலமும் ஒன்றாகக் கலந்தே வரும். அவள் குரல் வந்தது. பேஸ் வரவில்லை. அவள் மடியில் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. "என் பேஸ் எங்க?" என்று கேட்டாள். நான் உடனே பதில் சொன்னேன். எனக்கு எப்போதும் உடனே பதில் தெரியும். "உன் இடக்கைல அழுத்தம் போதாது. கம்பிய முழுசா அழுத்தலன்னா அடி நிக்காது. ஹெட்போன்ல தப்பிச்சிடும், ரேடியோ காட்டிக் குடுத்துடும்."

அவள் வாதாடவில்லை. நான் படித்தவன், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். பாட்டு முடியும்வரை தன் இடக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் எங்கும் வாசிக்கவில்லை.

13 மார்ச், வியாழன்

பெட்டியைத் திறந்தேன். அன்றைய பதிவின் எட்டுத் தட டேப்புகள் மூன்று. அவற்றை ஓட்டும் இயந்திரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை சுத்தம் செய்கிறேன். குரல் ஒரு தடத்தில். பேஸ் இரண்டு தடங்களில், ஏனெனில் அதற்கு இரண்டு மைக் வைத்திருந்தேன், ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம்.

முதல் பாட்டு தொடங்குமுன் அவள் விரல் முட்டியால் பேஸின் மரத்தைத் தட்டுகிறாள். டொக். பிறகு அவள் குரல்: "ஆரம்பிக்கலாமா, இன்ஸ்பெக்டர்?"

இன்ஸ்பெக்டர். அந்தப் பெயரை மறந்திருந்தேன். மறக்கவில்லை, ஒருவரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு தட்டலைத் திரையில் பெரிதாக்கினேன். ஒரே மரம், ஒரே முட்டி, ஒரே கணம். இடத் தடத்தில் அலை மேலே ஏறுகிறது. வலத் தடத்தில் அதே அலை கீழே இறங்குகிறது. கண்ணாடியில் பார்ப்பதுபோல. இரண்டையும் கூட்டினால் பூஜ்யம்.

இது கையின் கோளாறு அன்று. எந்தக் கையாலும் இப்படிச் செய்ய முடியாது. இது மின்கம்பியின் கோளாறு. ஒரு கேபிளில் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன.

அந்தப் பதிவுக்கான கேபிள்கள் எட்டையும் சமையலறை மேசையில் உட்கார்ந்து பற்றவைத்தவன் நான்.

14 மார்ச், வெள்ளி

கிடைத்தது. மாடத்துப் பெட்டியில் எட்டும் சுருட்டி வைத்தபடியே இருக்கின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் என் எழுத்தில் ஒரு சீட்டு. வலப்பக்க மைக்குக்குப் போட்டிருந்த ஆறாவதைத் திருகித் திறந்தேன். ஒரு முனையில் சிவப்புக் கம்பி இரண்டாம் முள்ளில். மறுமுனையில் சிவப்பு மூன்றாம் முள்ளில். பற்றவைப்பு மிக நேர்த்தி. பளபளப்பு இன்னும் போகவில்லை.

சீட்டில் எழுதியிருக்கிறது: "டி.எம். 6 — சரிபார்க்கப்பட்டது."

15 மார்ச், சனி

வலத் தடத்தின் அலையைத் தலைகீழாகத் திருப்பினேன். ஒரு பொத்தான். ஒரே ஒரு பொத்தான். இருபத்து நாலு வருஷம் ஒரு பொத்தான்ல இருந்திருக்கு.

கேட்டேன். ஐயோ, என்ன கை அது. நாற்பத்தொரு ஹெர்ட்ஸ், திறந்த அடிக் கம்பி, அறைத் தரை அதிருது. அவ அழுத்தினா அழுத்தினபடியே நிக்குது, ஊசலாடலை, நழுவலை — இதையா நான் போதாதுன்னேன்? இதையா? யாரு நான் சொல்றதுக்கு? அவ கேட்டா, எங்கன்னு கேட்டா, நான் ஒரு தடவை கேபிளைத் திறந்து பாத்திருந்தா

பிற்பகல். நடந்துவிட்டு வந்தேன். முறையாக எழுதுகிறேன். மோனோவில் கேட்டுச் சரிபார்க்காமல் எதையும் அனுப்பாதே என்பது சுவரில் உள்ள முதல் விதி. அந்தக் காரில் பட்ட அவமானத்துக்குப் பிறகு எழுதியது. அதை நான் கையாண்ட எல்லாப் பதிவுகளுக்கும் பயன்படுத்தினேன். எந்தப் பதிவால் அந்த விதி பிறந்ததோ அதற்கு மட்டும் பயன்படுத்தவில்லை. அதைத் திரும்பக் கேட்கவே இல்லை. கேட்டால் அவள் குரல் வரும் என்பதால்.

அவளுக்குச் சொல்ல வேண்டும். 27ஆம் தேதிக்கு முன்.

16 மார்ச், ஞாயிறு

ரிபேகாவின் எண் என்னிடம் இல்லை. அவளுடைய அக்கா குய்னிக்குப் போன் செய்தேன். ப்ளஃபில் இருக்கிறாள், படகுகளுக்கும் தீவுகளுக்கும் தினமும் மாலை ஆறு மணிக்குத் தன் சமையலறையிலிருந்து இருவழி வானொலிப் பெட்டியில் வானிலை வாசிக்கிறாள்.

"யாரு, மாப்பிள்ளையா? நீ செத்துட்டேன்னுல்ல நினைச்சேன்!"

குய்னி இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். முறைப்படி நான் அவர்களுக்கு மாப்பிள்ளை ஆனதில்லை. திருத்தவில்லை.

ரிபேகா நேற்றே தீவுக்குப் போய்விட்டாள். டீட்டீ என்னும் கடற்பறவையின் குஞ்சு பிடிக்கும் பருவம் ஏப்ரல் முதல் தேதிதான். ஆனால் இவ்வாண்டு குடிலின் கூரை பறந்துவிட்டதால் முதல் படகிலேயே போய்விட்டார்கள். மே கடைசியில்தான் கரை. தொலைபேசி கிடையாது.

கதை முழுவதையும் சொன்னேன். குய்னி குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு:

"அவ கையில வலு இல்லைன்னா சொன்ன? நீயா? வளைக்குள்ள தோள்பட்டை வரைக்கும் கையை விட்டு ஒரு நாளைக்கு நூத்தம்பது குஞ்சு உருவுற கை அது. ஒன்பது வயசுலேர்ந்து. அதை ஒரு தடவையாவது பாத்திருக்கியா நீ?"

பார்த்ததில்லை. அந்தத் தீவு அவர்கள் குடும்பத்தின் உரிமை; குடும்பத்தாரும் அவர்களை மணந்தவர்களும் மட்டுமே கால் வைக்கலாம். திருமணத்தை உரிய வரிசையில் செய்வோம், முதலில் கடன், பிறகு வீடு, பிறகு அது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு ஏப்ரல்களில் ப்ளஃப் துறைமுகம்வரை கொண்டுவிட்டு, கையசைத்துவிட்டு, தனியே திரும்பியிருக்கிறேன். படகு முனையைச் சுற்றி மறையும்வரை நிற்பேன். அவள் ஒரு தடவைகூட உள்ளே போய் உட்கார்ந்ததில்லை, பின்புறத்திலேயே நிற்பாள்.

18 மார்ச், செவ்வாய்

டாம்சினுக்குத் திருத்திய பாட்டைப் போட்டுக் காட்டினேன். நாற்காலியில் அவளை உட்கார வைத்தேன். முடிந்ததும், "இதையா எடுத்துட்டு வேற ஆளை வாசிக்க வைக்கப் போறோம்?" என்றாள்.

"கூடாது."

"எனக்கும் கூடாதுன்னுதான் தோணுது. ஆனா அவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க டங்கன். பேஸை எடுத்தாத்தான் அனுமதி. அவங்க வார்த்தை மாறாம நான் எப்படி வெளியிடறது? ஏப்ரல் பத்துல வெட்டணும். அதை விட்டா தட்டு அழுத்துற ஆலையில அடுத்த இடம் வருஷக் கடைசில."

"ஏப்ரலுக்குள்ள அவ கரைக்கு வரமாட்டா."

"அப்ப நாமளே வெச்சுக்கலாமா? வந்து கேட்டா சந்தோஷப்படத்தானே போறாங்க?"

இல்லை என்றேன். டாம்சின் என்னை விதிப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். விதிக்காக அன்று. அவளிடம் கேட்காமல் அவள் வாசிப்பைப் பற்றி ஒரு முறை முடிவு செய்தவன் நான். இன்னொரு முறை செய்ய மாட்டேன், அது அவளுக்கு நல்லதாகவே இருந்தாலும்.

20 மார்ச், வியாழன்

ஒரே வழி குய்னியின் வானொலிப் பெட்டி. அதில் சிக்கல்: நீரிணையில் உள்ள அத்தனை படகும், அத்தனை தீவும் கேட்கும். தனியாகப் பேச முடியாது.

நான் எழுதித் தருவதைக் குய்னி வாசிக்கட்டும் என்று நினைத்து, நான்கு பத்திகளில் எழுதி, தொலைபேசியில் படித்துக் காட்டினேன். பின்னணி, கண்டறிதல், பொறுப்பு, வேண்டுகோள்.

"இது மன்னிப்பா, இல்ல கரன்ட் கம்பெனி நோட்டீஸா?" என்றாள் குய்னி. "நான் படிக்க மாட்டேன். வாய் இருக்குல்ல? வந்து நீயே சொல்லு."

"எல்லாரும் கேப்பாங்களே."

"அவளும்தான் எல்லாருக்கும் நடுவுல வாசிக்கிறதை நிறுத்தினா."

22 மார்ச், சனி

பேஸுக்கு முன்னால் நின்றிருந்தேன். ஜூலை அல்ல. மேல் கம்பியை ஒரே ஒரு முறை சுண்டினேன். சுருதி முக்கால் சுரம் இறங்கியிருக்கிறது.

24 மார்ச், திங்கள். ப்ளஃப்

இஸ்திரி போட்ட சட்டை. மூன்று மணி நேர ஓட்டம். மடிக்கணினி, சிறிய ஒலிபெருக்கி ஒன்று. குய்னி சீஸ் ரோல் சுட்டு வைத்திருந்தாள். நான்கு தின்னச் சொல்லி நிர்ப்பந்தித்தாள். வானொலிப் பெட்டி குளிர்பெட்டியின் மேல் இருக்கிறது.

ஆறு மணி. வானிலை: தென்மேற்குக் காற்று, முப்பத்தைந்து நாட் வேகம். பிறகு தீவு தீவாகப் பெயர் சொல்லி நலம் கேட்டாள். ஒருவர் பேசி முடித்து 'ஓவர்' சொன்ன பிறகே அடுத்தவர் பேசலாம் என்பது அங்கே விதி. கடைசியில்:

"ரிபேகா, உன்னைப் பார்க்க ஒரு ஆள் வந்திருக்கான். குளிச்சு, தலை வாரி வந்திருக்கான். ஓவர்."

இரைச்சல். பிறகு அவள் குரல். மெல்லியதாக, தகரத்தில் சுற்றியதாக, அடி என்பதே இல்லாமல். ஆனாலும் அவள் குரல்.

"யாரு, வரி ஆபீஸா? ஓவர்."

"அதைவிட மோசம். ஓவர்."

குய்னி ஒலிவாங்கியை என் கையில் திணித்தாள். எழுதி வந்த தாள் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

"ரிபேகா, நான் டங்கன். 'ஈரக் கம்பளி'ல உன் பேஸ் காணாமப் போனது உன் கையால இல்ல. என் கேபிளால. ஆறாம் நம்பர் கேபிள்ல ரெண்டு கம்பிய மாத்திப் பத்தவெச்சிருக்கேன். ஒரு மைக் ஏற, இன்னொண்ணு இறங்கி, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுடுச்சு. கேபிள் மேல 'சரிபார்க்கப்பட்டது'ன்னு எழுதி வேற வெச்சிருந்தேன். உன்கிட்ட அன்னிக்கு கார்ல சொன்னது பொய். தெரியாமச் சொன்ன பொய். ஓவர்."

ஒலிவாங்கியின் பொத்தானை விட்டேன். பிறகு ஒரு முதியவரின் குரல், எந்தப் படகிலிருந்தோ:

"ஏம்ப்பா, அந்தப் பொண்ணு அதை எத்தனை வருஷமா நம்பிட்டு இருந்துச்சு? ஓவர்."

"இருபத்து நாலு. ஓவர்."

"அடப்பாவி. ஓவர்."

குய்னி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள், அல்லது அழுதாள். ஒலிபெருக்கியை ஒலிவாங்கிக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். "முதல்ல பழசு" என்று சொல்லிவிட்டுப் பத்து விநாடி போட்டேன். குரல் மட்டும். "இப்ப கேபிளைச் சரி பண்ணினது." மீண்டும் அதே பத்து விநாடி.

கடல் வானொலியில் நாற்பத்தொரு ஹெர்ட்ஸ் போகாது என்று எனக்குத் தெரியும். நூறும் போகாது. ஆனால் ஒரு கம்பி தன் அடியை மட்டும் ஒலிப்பதில்லை; அதன் மேல் அடுக்கடுக்காகப் பல சுரங்கள் உண்டு. இரு தடங்களும் சேர்ந்து ஏறினால் அந்த அடுக்கும் முழுதாக வரும். கேட்பவர் மனம் அடியைத் தானே கட்டிக்கொள்ளும். ஒரு கையளவு ஒலிபெருக்கியிலும் உறுமல் தெரியும். தெரிந்தது. குய்னியின் குளிர்பெட்டி மேலிருந்த கரண்டிகூட அதிர்ந்தது என்று நினைக்கிறேன். அது காற்றாகவும் இருக்கலாம்.

அதே முதியவர்: "அட. யாருப்பா அதை வாசிக்கிறது? ஓவர்."

இரைச்சல்.

"நான்தான்," என்றாள் ரிபேகா.

'ஓவர்' சொல்ல மறந்துவிட்டாள். ஆகவே ஒருவரும் பேசவில்லை. அத்தனை படகும் அத்தனை தீவும் ஒழுங்காகக் காத்திருந்தன. ஏறக்குறைய ஒரு நிமிடம். என் வாழ்நாளில் விதி ஒன்று இவ்வளவு அழகாகக் கடைப்பிடிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு அவள்: "குய்னி, எழுதிக்க. வெலிங்டன் ஆளு வேண்டாம். என் பேஸ் இருக்கட்டும். தேதி, நேரம் போட்டு நான் சொன்னேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. டங்கன், நீ சொன்னது எல்லாருக்கும் கேட்டுது. எனக்கும் கேட்டுது. மத்தது கரைக்கு வந்து. பேட்டரி கம்மி. அவுட்."

மத்தது. மற்றது என்றால் என்ன? வசையும் அதில் அடங்கும். எல்லாமும் அடங்கும்.

25 மார்ச், செவ்வாய்

குய்னியின் வானொலிப் பதிவேட்டுப் பக்கத்தின் படியை டாம்சினிடம் கொடுத்தேன். "கடல் மேல வந்த ஒப்பந்தம்!" என்று சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொன்னாள். வெலிங்டன்காரருக்குச் சொல்லிவிட்டாள். அவர் வருத்தப்படவில்லையாம், திருத்திய பதிவைக் கேட்டுவிட்டு, "இதுக்கு மேல நான் என்ன வாசிக்க?" என்றாராம்.

1 ஏப்ரல், செவ்வாய்

இன்று பருவம் தொடக்கம். தீவுகளுக்கான வானிலை: மழை, பிறகு தெளிவு.

10 ஏப்ரல், வியாழன். ஓமாரு

வெட்டும்போது உடன் இருந்தேன். ஒன்பது பாட்டுகளிலும் வலத் தடம் திருப்பப்பட்டது. நூற்றிருபதுக்குக் கீழே நடுவில். அகலம் முழுவதும் மேலே: கம்பி உரசல், மூச்சு, அன்று பதிவு செய்த மண்டபத்தின் மரக்கூரையில் விழுந்த மழை. அடி ஒன்றாக, குரலுக்கு நேர் கீழே. ஒரே ஆள் நின்று பாடி வாசிக்கிறாள் என்பது இப்போதுதான் கேட்கிறது.

லயல் நுண்ணோக்கியில் பள்ளத்தைக் காட்டினான். நேராக, சீராக, ஆழமாக.

"வெண்ணெயில கத்தி போற மாதிரி போகுது வாத்தியாரே. உள் உறையில உன் பேரை என்னன்னு போடச் சொன்ன?"

"பதிவும் பிழையும்: டங்கன் மியூர்."

"டாம்சின் ஒத்துக்கிட்டாளா?"

"என் பெயர் விஷயத்துல அவ ஒப்புதல் தேவையில்லை."

19 ஏப்ரல், சனி

குய்னி சொன்னாள்: தீவில் எல்லாரும் ரிபேகாவை 'சரிபார்க்கப்பட்டது' என்று கூப்பிடுகிறார்களாம். கோபப்படுகிறாளா என்று கேட்டேன். "குஞ்சுகளை உப்புப் போட்டு வாளி வாளியா நிரப்புறா. கோபமா இருந்தாலும் அப்படித்தான் நிரப்புவா. எனக்கு எப்படித் தெரியும்?"

2 மே, வெள்ளி

தென்மேற்கு, ஐம்பது நாட். குடிலின் கூரை தாங்குமா?

3 மே, சனி

தாங்கியது. குய்னியிடம் இருமுறை கேட்டேன்.

16 மே, வெள்ளி

ஒன்றும் நிகழவில்லை. மூன்று வேலைகள் முடித்தேன். மாலையில் டேப்பின் தொடக்கத்தை மட்டும் போட்டேன். டொக். "ஆரம்பிக்கலாமா, இன்ஸ்பெக்டர்?" நிறுத்தினேன். மீண்டும் போட்டேன். இதற்கு வேலை சம்பந்தமான காரணம் எதுவும் இல்லை.

27 மே, செவ்வாய்

ஆலையிலிருந்து சோதனைத் தட்டு வந்தது. விதி ஒன்பது: வந்து நாற்பத்தெட்டு மணிக்குள் இரு பக்கமும் கேட்டு எழுத்தில் பதில் தர வேண்டும். டாம்சினிடம் நான்கு வாரத் தவணை கேட்டேன். "நீங்களா? தவணையா?" என்றாள். கொடுத்தாள்.

1 ஜூன், ஞாயிறு

குய்னி: "வந்துட்டாங்க." அவ்வளவுதான்.

6 ஜூன், வெள்ளி

பேருந்துப் பார்சலில் ஒரு வெள்ளை வாளி. உப்பிட்ட டீட்டீ, இருபது. கடிதம் இருக்குமா என்று மேலே கீழே பார்த்தேன், ஈரம் படாதபடி மூடியின் உட்புறம்கூட. இல்லை. மூடிமேல் மட்டும் கறுப்பு மையில், அவள் எழுத்தில்: "சரிபார்க்கப்பட்டது."

மூடியைக் கழுவி உலர வைத்திருக்கிறேன். வாளியைப் பிரிக்கவில்லை. இருபது பறவை ஒருவனுக்கு அதிகம்.

9 ஜூன், திங்கள்

இரண்டாவது நாற்காலி வாங்கினேன். நடுவில் ஒன்றுதான் நிற்கும். ஆகவே புதியதைச் சன்னலோரம் போட்டேன். அங்கு உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். மேல் ஒலிகள் ஒருபக்கம் சாய்கின்றன, எதிர்பார்த்ததே. பேஸ் சாயவில்லை. பக்கம் பார்க்காத ஒலி அது. ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் வந்துவிடுகிறது.

குய்னியிடம் சொல்லியிருக்கிறேன்: தட்டு வந்திருக்கிறது, கேட்கவில்லை, பேஸுக்குப் புதுக் கம்பி போட்டிருக்கிறேன். இம்மூன்றை மட்டும் சொல்லச் சொன்னேன். "நோட்டீஸ் சின்னதாகிட்டே வருது, நல்லது" என்றாள்.

15 ஜூன், ஞாயிறு

பதில் இல்லை. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

22 ஜூன், ஞாயிறு

நேற்று எழுதவில்லை. நேரம் இல்லை என்பதன்று, நினைவு வரவில்லை. எழுத வேண்டியது இருந்தும் மறந்த நாள், முப்பத்தொரு ஆண்டுகளில் இதுவே முதல்.

சோதனைத் தட்டு: முதல் பக்கம் சரி. இரண்டாம் பக்கம் சரி. நான்காம் பாட்டின் இறுதியில் ஒரு சிறு கீறல் ஓசை, ஏற்கத்தக்கது. டாம்சினுக்கு எழுத வேண்டும்.

வாளியில் பதினாறு மீதி. மேசையில் இரண்டு கோப்பைகள்.

இன்று காலை அறையைப் பெருக்கும்போது சன்னலோர நாற்காலிக்கு முன்னால், ரிமு மரத் தரையில், ஒரு குழியைப் பார்த்தேன். நேற்று பேஸின் அடிமுள் குத்தியது. அதன் ரப்பர் மூடி கூடத்து மூலையில், பேஸ் இருபத்தோரு ஆண்டுகள் நின்ற இடத்திலேயே கிடக்கிறது. குழியின் ஆழம் மூன்று மில்லிமீட்டர். மரமெழுகு அலமாரியில், மேல் தட்டில் இருக்கிறது.

அடைக்கவில்லை.